மரியாதையும் மௌனமும்

கூடங்குளத்தில் எனக்குப் பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள். திருநெல்வேலிக்குப் போய்க் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவளைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, தூரத்துக் காற்றாலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொண்டிருந்தாள்.

"டாக்டருக்கு மவராசன் கை, ஐயா" என்றாள். பிறகு சொன்னாள்: "ஆனா, மரத்துப்போவ ஊசி போட்டாலும் காது கேக்குமில்லா? எந்தக் கண்ணுன்னு ஒரு நர்ஸுப் பிள்ளை கேட்டுது. பேத்தி வயசுதான். அவ சரின்னு சொன்ன பெறவுதான் டாக்டரே கத்தியத் தொட்டாரு."

கைராசியை நம்புகிறவர்கள் நாம். ஆனால் ஆபரேஷன் ஒரு கையின் வேலையா? ஒருவர் அறுக்கிறார், மயக்க மருந்து கொடுத்தவர் மூச்சைக் காக்கிறார், நர்ஸ், உள்ளே போன பஞ்சும் துணியும் வெளியே வந்தனவா என்று எண்ணுகிறாள்.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மயக்கம் தருமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையை விட்டுப் போகுமுன் என மூன்று முறை நின்று கேட்க வேண்டும். கத்தி வைக்குமுன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். டில்லி உள்பட எட்டு நகரங்களில் சோதித்து, 2009-ல் முடிவைச் சொன்னார்கள். ஆயிரத்துக்கு 15 ஆக இருந்த மரணம் 8 ஆகக் குறைந்திருந்தது!

புது மருந்தில்லை, புது யந்திரமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். ஒருமுறை தன் பெயரைச் சொல்லிவிட்டவனுக்கு மறுமுறை வாய் திறப்பது எளிது.

'பெரியவர் முன்னால் பேசாதே' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கண்ணெதிரே தவறு நடக்கும்போது மரியாதைக்காக வாய்மூடி நிற்பது, பெரியவருக்குச் செய்யும் கௌரவமா, மேஜைமேல் கிடப்பவனுக்குச் செய்யும் துரோகமா?

வள்ளத்தில் ஒருவன்தானே உத்தரவிட வேண்டும் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பாறையை முதலில் கண்டவன் கூவுகிறான். அவன் வயதை யாரும் விசாரிப்பதில்லை. கூவியவனுக்குத் துணிவு வேண்டும். அதைக் கேட்டுக் கோபப்படாமல் சுக்கானைத் திருப்புகிறவனுக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

"பெரியப்பாகிட்ட நீங்க எப்பவாவது அப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றேன், விளையாட்டாக.

பெரியம்மா சிரிக்கவில்லை.

"பத்திரத்துல கையெழுத்துப் போடும்போது பக்கத்துலதான் நின்னேன். தப்புன்னு தெரியும். கேட்டிருந்தா அந்தக் கடைசி வயலாவது மிஞ்சியிருக்கும், ஐயா" என்றாள்.