வீணென்று எதுவும் இல்லை

ஒருவரின் அறிவும் பக்தியும் ஒழுக்கமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருக்க முடியுமா? நம்மில் பலர் அப்படித்தான் வாழ்கிறோம். வேலையிடத்தில் ஒரு கணக்கு, சாமி அறையில் ஒரு கணக்கு, அக்கம்பக்கத்தாரிடம் இன்னொரு கணக்கு. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பிளவு என்னை உறுத்துகிறது. ஏனென்றால் அந்த வேளாண் விஞ்ஞானியிடம் மூன்றும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தன: படைக்கப்பட்டதில் வீண் என்று எதுவும் இல்லை.

அவர் 1864-ஐ ஒட்டி, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அடிமைப் பெண்ணொருத்தியின் மகனாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது தாயையும் அவரையும் கொள்ளையர் கடத்திப் போனார்கள். குழந்தை மட்டும் திரும்பி வந்தது. ஒரு குதிரையைக் கொடுத்து மீட்டதாகச் சொல்வார்கள். தாய் என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை. நோஞ்சானாக வளர்ந்த பையனால் வயலில் பாடுபட முடியவில்லை. வீட்டு வேலை முடித்துவிட்டு செடிகளோடு கிடந்தான். வாடிய செடியைத் தேற்றிவிடுவான் என்று அக்கம்பக்கத்தில் பெயர் எடுத்தான். பிறகு கான்சாஸில் ஒரு கல்லூரி அவருக்கு இடம் தந்துவிட்டு, நேரில் வந்து நின்றதும் கறுப்பர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அவர் படிப்பை விடவில்லை. அயோவாவில் ஓவியம் பயின்று, அங்கிருந்து தாவரவியலுக்கு வந்து, 1896-இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு, அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு, அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்றுப் போனார். 1943-இல் இறக்கும்வரை அதுவே அவருடைய ஊர். அங்கே ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேடுகளைக் கிளறி, புட்டிகளையும் பழைய பாத்திரங்களையும் பொறுக்கி வந்து கருவிகள் செய்தார்.

சுற்றிலும் நிலம் சோர்ந்துபோயிருந்தது. வருடா வருடம் பருத்தியே போட்டதில் மண்ணின் சத்து வற்றிவிட்டது. குத்தகை விவசாயிகளோ கடனில் மூழ்கியிருந்தார்கள். விலை கொடுத்து உரம் வாங்குங்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? காட்டில் உதிர்ந்து மக்கும் இலைகளையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் அள்ளி வந்து வயலில் போடச் சொன்னார். தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று மாற்றிப் பயிரிடச் சொன்னார். பயறுக்கும் கடலைக்கும் வேர்முடிச்சுகள் உண்டு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. மண்ணும் தேறும், ஏழை வீட்டுத் தட்டில் புரதமும் சேரும். 1906-இல் ஒரு குதிரை வண்டியையே நடமாடும் பள்ளியாக்கி, பாடத்தைக் கிராமங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். கடலையை 105 விதமாகச் சமைக்கும் முறைகளை 1916-இல் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார்.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பது கட்டுக்கதை. நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்துகாட்டினாலும் காப்புரிமை பெற்றது மூன்றுக்குத்தான். என்னைப் பொறுத்தவரை அவர் பெருமை அந்த எண்ணிக்கைகளில் இல்லை. கையில் காசில்லாத விவசாயி நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது எது என்று கேட்டுக்கொண்டு ஆராய்ச்சி செய்தாரே, அதில் இருக்கிறது.

விடியும் முன்பே எழுந்து காட்டுக்குள் நடப்பார். இயற்கை வழியாகக் கடவுள் தன்னோடு பேசுவதாக நம்பினார். 1924-இல் நியூயார்க் கூட்டமொன்றில் தன் கண்டுபிடிப்புகளுக்கு இறையருளே காரணம் என்று பேசியபோது, விஞ்ஞானி இப்படிப் பேசலாமா என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் கண்டித்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அருள் வந்தது என்பது ஆய்வுக்குச் சான்றாகாது. ஆனால் அவருடைய பக்தி சோதனைக்கு மாற்றாக வந்ததல்ல. களையென்று பிறர் மிதித்துப் போனதைக் குனிந்து பார்க்க வைத்ததே அந்தப் பக்திதான். பொறுமையாகப் பார்ப்பதை அவர் வழிபாடாகவே செய்தார்.

மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். பணக்காரரை அண்ணாந்தும் ஏழையைக் குனிந்தும் பார்க்காதே, வென்றால் தற்பெருமை பேசாதே, தோற்றால் புலம்பாதே என்பது மாணவர்களுக்கு அவர் சொன்ன அறிவுரை. 1921-இல் கடலை இறக்குமதி வரி பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அங்கே ஓர் உறுப்பினர் அவர் இனத்தைக் குத்திக்காட்டிக் கேலி பேசினார். கார்வர் நிதானம் இழக்காமல் தன் விளக்கத்தைத் தொடர்ந்தார். பத்து நிமிடம் என்று தொடங்கிய பேச்சுக்கு உறுப்பினர்களே நேரத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள். கடைசிக் காலத்தில் வாழ்நாள் சேமிப்பை ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்.

அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டது சரியா, எதிர்த்துப் போராடியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பொறுமை மட்டும் அநீதியை ஒழித்துவிடாது. ஆனால் ஒரு குதிரைக்கு ஈடாக மதிக்கப்பட்ட குழந்தை, வளர்ந்தபின் எவரையும் எதையும் மலிவாக மதிக்கவில்லை. வெறுப்பு தன்னை வடிவமைக்க அவர் இடம் கொடுக்கவில்லை. அதற்கு வேண்டிய உறுதி சாதாரணமானதல்ல.

இது இல்லை, அது இல்லை என்று காத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். கையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். பயனற்றது என்று ஒதுக்கிய பொருளையும், பயனற்றவர் என்று ஒதுக்கிய மனிதரையும் இன்னொரு முறை கூர்ந்து பாருங்கள். அப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அறிவு, பக்தி, ஒழுக்கம் என்று மூன்று வாழ்க்கை தேவையில்லை. ஒன்றே போதும்.