திருமணத்தை நடத்திவைக்கத் தகுந்தவர் யார்?

திருமணத்துக்கு ஐயரை அழைப்பதா, ஓதுவாரை அழைப்பதா, குடும்பத்துப் பெரியவரே தாலி எடுத்துக் கொடுப்பதா என்ற பேச்சுக்கு அடியில் ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது. இருவரைக் கணவன் மனைவி ஆக்குவது மந்திரமா, மூத்தோர் வாழ்த்தா, மணமக்களின் வாக்கா?

பழந்தமிழ் நூல்களிலேயே இதற்கு இரு விடைகள் உண்டு. அகநானூற்றின் 86ஆம் பாட்டுத் திருமணத்தில் புரோகிதர் இல்லை, வேள்வித்தீயும் இல்லை. மணல் பரப்பிய பந்தலில், விடியற்காலையில், மகனைப் பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சிலப்பதிகாரத்திலோ முதிய பார்ப்பனர் மறைவழி காட்ட, கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகிறார்கள். முன்னதில் நடத்துபவரின் தகுதி வாழ்ந்த வாழ்க்கை. பின்னதில் கற்ற மறை. முதல் மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. கொங்கு வேளாளர் திருமணச் சீர்களை அருமைக்காரர் என்னும் பெரியவர் முன்னின்று செய்வதும், நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவதும் அந்த வழியில் வந்தவையே. ஆனால் அந்த மரபுக்கும் ஒரு கொடிய முகம் உண்டு: கைம்பெண்ணும் பிள்ளையில்லாதவளும் வாழ்த்தும் தகுதியை இழந்தார்கள்.

பிற சமயங்களும் இதே கேள்விக்கு விடை தருகின்றன. கத்தோலிக்கத்தின் இலத்தீன் மரபில் மணமக்களே திருமணம் என்னும் அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். குருவானவர் திருச்சபையின் சார்பில் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. கீழைத் திருச்சபைகளிலோ குருவின் ஆசியும் இன்றியமையாதது. இஸ்லாமிய நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். ஈஜாப் என்னும் முன்மொழிவும் கபூல் என்னும் ஏற்பும் சாட்சிகளும் அதன் உயிர். இமாம் குத்பா என்னும் உரை ஓதுவது சிறப்பு; ஓதாவிட்டாலும் நிக்காஹ் செல்லும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எழுப்பியது பெரியாரின் சுயமரியாதைத் திருமணம். புரியாத மொழியில் பிறர் சொல்லும் மந்திரம் இருவரை எப்படிப் பிணைக்கும் என்று அது கேட்டது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. மனமொத்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடானவர்களாக நிற்க நேர்ந்தது பெரிய அநீதி. அண்ணா அரசின் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைத் தீர்த்தது. முன்பு நடந்த திருமணங்களுக்கும் ஏற்பளித்தது. அதன்படி உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் கட்டாயமில்லை. வழக்கறிஞர்கள்கூடத் தொழில்முறையில் அல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ இத்திருமணத்தை நடத்திவைக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இதனால் புரோகிதருக்கு வேலையில்லை என்றாகாது. வேள்வித்தீயைச் சாட்சியாக நம்பும் குடும்பத்துக்கு மந்திரம் அறிந்தவரே வேண்டும். அவர் மணமக்கள் எடுத்துவைக்கும் ஏழடியின் (சப்தபதி) பொருளை அவர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு நடத்தினால், மந்திரத்தை நம்புவோர், புரியும் மொழியைக் கேட்போர் ஆகிய இரு தரப்பு எதிர்பார்ப்பும் நிறைவேறும். நம்பிக்கை வேறுபட்ட இருவருக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதிலும் திருமண அலுவலர் முன்னும் மூன்று சாட்சிகள் முன்னும் உறுதிமொழி சொல்ல வேண்டியவர்கள் மணமக்களே.