வெற்றி யாருக்கு? பழி யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைகாலத்தில், வேல்ஸ் நாட்டுக் குன்றுப்புறச் சிற்றூர் ஒன்றில், விடுப்பில் சென்றிருந்த பங்குத்தந்தைக்கு மாற்றாகப் பணியேற்றுத் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை பங்கு மக்கள் சிலர் மேய்ப்பு நாய்களின் போட்டியைக் காண நம்மை அழைத்துச் சென்றனர். நாய்களை ஓடவிட்டுப் பந்தயம் கட்டும் கேளிக்கை போலும் என்று எண்ணியே சென்றோம். அங்கே கண்ட சிறு நிகழ்ச்சி ஒன்று இன்றளவும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

முதியவர் ஒருவர் தம் நாயுடன் களத்தில் இறங்கினார். தொலைவில் நின்ற ஆடுகளை அந்நாய் ஓசையின்றிச் சென்று கொணர்ந்த அழகைக் கண்டு, சுற்றிலும் நின்றோர் பேச்சை நிறுத்திவிட்டனர். பரிசு அவருக்கே என்று நம் அருகிலிருந்தவர் மெல்லச் சொன்னார். இன்னும் எஞ்சியிருந்தவை இரண்டே பணிகள். அவ்வேளையில் ஓர் ஆடு பின்தங்கியது, மூச்சு வாங்கியது, ஒரு காலைச் சற்றே தாங்கி நடந்தது. முதியவர் ஒரு கணம் அதை உற்று நோக்கினார். பின்னர் நடுவரை நோக்கித் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு, “போதும், வா” என்று நாயை அழைத்துக்கொண்டு களத்தைவிட்டு வெளியேறிவிட்டார். நாயோ வாலை ஆட்டியவாறு அவர் முழங்காலை ஒட்டி நடந்தது. தான் வெல்லவிருந்ததையும் அது அறியாது. வெல்லாமற் போனதையும் அறியாது.

பின்னர் அவரைக் கண்டு, வெற்றியைக் கைநழுவ விட்டதேன் என்று கேட்டோம். “அந்த ஆடு போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லையே, ஃபாதர்” என்றார். இந்த ஒரு வாக்கியத்திற்கு விரிவுரை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரித்தானியாவில் பதிவு பெற்றுள்ள மேய்ப்பு நாய்ப் போட்டிகளுள் முதலாவது, 1873ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், அதே வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் நிகழ்ந்தது. அதை நடத்தியவர் லாயிட் பிரைஸ் என்னும் நிலக்கிழார். உள்ளூரார் நடத்திய அப்போட்டியில் பரிசு பெற்றவரோ, வேல்ஸ் நாட்டில் குடியேறியிருந்த தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய நாயின் பெயர் ட்வீட். வேற்று நாட்டார் வென்றார் என்பதற்காகப் போட்டி அத்துடன் நின்றுவிடவில்லை, மேலும் பரவியது. 1906ஆம் ஆண்டில் பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் தோன்றியது. 1976 முதல் பி.பி.சி. தொலைக்காட்சி ‘ஒன் மேன் அண்ட் ஹிஸ் டாக்’ என்ற தொடரின் வாயிலாக இப்போட்டிகளை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. ஒரு மனிதன், அவனுடைய நாய் என்று பொருள்படும் அத்தலைப்பில் ஆட்டுக்கு இடமில்லை என்பதையும் நாம் கவனிக்கலாம்.

போட்டியின் முறை எளியது, ஆயினும் கடினமானது. மேய்ப்பர் ஒரு கம்பத்தருகே நிற்பார். நாய் அகன்ற வளைவாக ஓடி, ஆடுகளின் பின்புறம் சென்று சேர வேண்டும். பின்னர் அவற்றை மெல்லக் கிளப்பி, நேர்கோட்டில் மேய்ப்பரிடம் கொணர வேண்டும். இரு தடுப்புகளுக்கிடையே உள்ள வாயில்கள் வழியே ஓட்டிச் செல்ல வேண்டும். கூட்டத்திலிருந்து சிலவற்றைப் பிரிக்க வேண்டும். இறுதியில் பட்டியில் அடைக்க வேண்டும். மேய்ப்பருக்கு உள்ள கருவிகள் குரலும் சீழ்க்கையுமே. வழக்கமான மதிப்பெண் பங்கீடு ஒன்றின்படி வளைந்தோடுவதற்கு 20, கிளப்புவதற்கு 10, கொணர்வதற்கு 20, ஓட்டிச் செல்வதற்கு 30, பிரிப்பதற்கு 10, அடைப்பதற்கு 10 என மொத்தம் 100. நடுவர் முழு மதிப்பெண்ணில் தொடங்கிக் குறை காணுந்தோறும் கழித்துக்கொண்டே வருவார். காரணமின்றி ஆட்டைக் கடிக்கும் நாய் போட்டியிலிருந்தே நீக்கப்படும்.

இவற்றுள் கிளப்புதல் என்பது சில நொடிகளே நிகழ்வது. ஆடுகள் நாயின் இருப்பை முதன்முதலாக உணரும் கணம் அது. அக்கணத்தில் நாய் பாய்ந்து அச்சுறுத்திவிட்டால், பின்னர் எவ்வளவு திறமை காட்டினாலும் ஆடுகளின் கலக்கம் எளிதில் தணியாது. அடங்கிய வலிமையையே இவ்விளையாட்டு போற்றுகிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவன் தன் கால்களால் ஓடுகிறான். வென்றாலும் தோற்றாலும் அது அவனுடையது. எதிரே ஓடுபவனும் விதிகளை ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறான். மேய்ப்பு நாய்ப் போட்டியிலோ மூன்று உயிர்கள் களத்தில் நிற்க, போட்டி என்று ஒன்று நடப்பதை அறிந்தது ஓர் உயிர் மட்டுமே. நாய்க்கு அது பணி. ஆட்டுக்கு அது அச்சமோ அமைதியோ தரும் ஒரு நடை. மனிதனுக்கு மட்டுமே அது கோப்பை. ஆகவே அதன் அறச்சுமை முழுவதும் மனிதன் தோள்மீதே விழுகிறது.

விளையாட்டுப் பண்பு என்றவுடன், தோற்றவர் வென்றவரின் கையைக் குலுக்குவதே நம் நினைவுக்கு வருகிறது. அது நல்லதே, ஆயினும் அது தொடக்கம் மட்டுமே. இப்போட்டியில் அதனினும் ஆழமான கடன்கள் உள்ளன.

முதற்கடன் உடன் போட்டியிடுவோருக்கு உரியது. களத்தின் மறுகோடியில், நூற்றுக்கணக்கான கஜத்திற்கு அப்பால், ஒவ்வொரு முறையும் ஆடுகளைக் கொண்டுவந்து நிறுத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். பல வேளைகளில் அவர்களும் போட்டியாளர்களே. தன் முறைக்கு ஆடுகள் அமைதியாக நிற்க வேண்டும் என்று விரும்புபவர், பிறர் முறைக்கும் அதே கருத்துடன் அவற்றை நிறுத்தித் தர வேண்டும். அவ்வளவு தொலைவில் நிகழும் சிறு வஞ்சகத்தை எவர் காண்பார்? காண்பாரில்லாத இடத்தில் எதிராளிக்கும் நேர்மை காட்டுவதே விளையாட்டுப் பண்பின் உரைகல்.

இரண்டாம் கடன், நம் கையில் இல்லாதவற்றை ஏற்றுக்கொள்ளுதல். ஒருவருக்குச் சாதுவான ஆடுகள் வாய்க்கும். மற்றொருவருக்கு முரட்டு ஆடுகள். காலையில் காற்று அடங்கியிருக்கும். மாலையில் சீழ்க்கை ஒலியைக் காற்று அடித்துச் செல்லும். நடுவர் எவ்வளவு நேர்மையாளராயினும் இவற்றையெல்லாம் சமன் செய்ய இயலாது. இதை முன்னரே அறிந்துதான் பெயர் கொடுத்தோம் என்பதை மறந்தவரே முணுமுணுப்பார்.

மூன்றாவதும் முதன்மையானதுமான கடன் பேச்சற்றவற்றுக்கு உரியது. வென்றபோது “நான் வென்றேன்” என்றும், தோற்றபோது “இந்த நாய் கெடுத்துவிட்டது” என்றும் சொல்லும் நாக்கு மனிதனுக்கு உண்டு. நாயிடம் மறுமொழி இல்லை. கட்டளை ஒரு நொடி தாமதமாக வந்ததா, நாய் ஒரு நொடி முந்திவிட்டதா என்பதை நாய் வாய்திறந்து சொல்லப்போவதில்லை. எதிர்வாதம் செய்ய இயலாத ஒன்றின்மீது சுமத்தும் பழி மிக மலிவான பழி. அதனாலேயே அது மிகக் கொடியதும் ஆகிறது.

இங்கே இரு தடைகள் எழலாம். களத்தைவிட்டு விலகுவதெல்லாம் அறம் ஆகுமா என்பது ஒன்று. ஆகாது. குறைந்த மதிப்பெண் பெறும் வெட்கத்திற்கு அஞ்சி விலகுவோரும் உண்டு. சினத்தால் விலகி, வண்டிக்குப் பின்னே நாயை ஏசுவோரும் இருக்கக்கூடும். ஒரு செயலின் நன்மை தீமையை அறிய, செயலையும் நோக்கத்தையும் சூழ்நிலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது அறநெறி இறையியலின் பாலபாடம். முதியவர் விலகியது தம் பெயரைக் காக்க அன்று. ஆட்டின் காலைக் காக்க. வெளியே இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இவ்வளவு இடருடைய போட்டியே வேண்டாம் எனலாகாதா என்பது மற்றொன்று. விளையாட்டிலும் ஓர் அறப்பண்பு குடிகொள்ள முடியும் என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். உடலுக்கு ஓய்வுபோல் உள்ளத்திற்கு விளையாட்டு தேவை என்பது அவர் கருத்து. மேலும், எதற்குப் பரிசளிக்கிறோமோ அதுவே பெருகும். 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஹெம்ப் என்னும் நாய், ஆடுகளை மிரட்டாமல் அமைதியாகப் பணிசெய்த பாங்கினால் புகழ்பெற்றது. மேய்ப்பர்கள் அதன் குட்டிகளை விரும்பி நாடினர். இன்றைய பார்டர் கோலி இனத்தின் மூதாதையாக அதுவே போற்றப்படுகிறது. அமைதிக்கு மதிப்பளித்தால் அமைதி தலைமுறை தலைமுறையாகத் தழைக்கும். மூர்க்கத்திற்கு மதிப்பளித்தால் மூர்க்கமே தழைக்கும். எனவே போட்டி தீதன்று. போட்டியில் எதைப் போற்றுகிறோம் என்பதே கேள்வி.

இவற்றையெல்லாம் பிறருக்கு உரைக்கும் தகுதி நமக்கு உண்டா? வேல்ஸ் செல்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கின் சிறார் பாடற்குழு மறைவட்டப் போட்டி ஒன்றில் முதற்பரிசு பெற்றது. பொன்னாடை நம் தோளுக்கு வந்தது, மறுக்காமல் ஏற்றோம். அடுத்த ஆண்டு பரிசு கிட்டவில்லை. அன்று மாலையே சிறுவர் சிறுமியரை நிற்கவைத்து, ஒத்திகையில் கருத்தில்லை என்று கடிந்துகொண்டோம். கடைசி வாரத்தில் பாடலை மாற்றியது யார்? அச்சிறு குரல்களுக்கு எட்டாத சுருதியைத் தேர்ந்தது யார்? அவர்கள் பேசவில்லை. பங்குச் சாமியாரை எதிர்த்துப் பேசும் வழக்கம் நம் குழந்தைகளுக்கு இல்லை. முதல் வரிசையில் நின்ற ஒரு சிறுமி அதன்பின் பாடற்குழுவிற்கு வரவேயில்லை. அதையும் நாம் அன்று பெரிதாக எண்ணவில்லை. நம் கோப்பைக்காக அவர்களை ஓடவிட்டோம் என்பது, அந்த முதியவரின் சொல்லைக் கேட்ட பிறகே உறைத்தது.

பன்னாட்டுச் சங்கத்தின் உச்சப் போட்டியில் ஒரு கட்டம் உண்டு. நாய் முதலில் பத்து ஆடுகளைக் கொணரும். அவற்றை விட்டுவிட்டு, திரும்பிச் சென்று வேறு பத்து ஆடுகளைத் தேடிவருமாறு மேய்ப்பர் கட்டளையிடுவார். ஆங்கிலத்தில் அக்கட்டளை ‘லுக் பேக்’. திரும்பிப் பார் என்பது பொருள். கையில் உள்ளவற்றை விட்டு, கண்ணுக்குத் தெரியாதவற்றை நோக்கி ஓடுவது நாய்க்கு எளிதன்று. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பரின் உவமையைப் பலமுறை மறையுரையில் விளக்கிய நமக்கும் அது எளிதாக இல்லை.

ஊர் திரும்பிய பின் அந்தச் சிறுமியின் இல்லம் சென்றோம். அவள் அப்போது கல்லூரி மாணவி. அன்றைய பிழை எம்முடையதே என்று சொன்னோம். “அதெல்லாம் எனக்கு நினைவே இல்லை, சாமி” என்று அவள் சிரித்தாள். தேநீர்க் குவளையுடன் வாயிலில் நின்ற அவளுடைய தாய் சிரிக்கவில்லை. “அன்று இரவு இவள் சாப்பிடவில்லை, சாமி” என்றார்.