கயிற்றை இழுக்கும் உரிமை

ஊழியர்களை அழைத்து அபிப்பிராயம் கேட்டுவிட்டால் தலைமையைப் பகிர்ந்ததாகிவிடும் எனப் பல நிறுவனங்கள் கருதுகின்றன. மஷூறா என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அபிப்பிராயம் கேட்பதன் அருமை தெரியும். ஆனால் அபிப்பிராயம் சொல்வது வேறு, தீர்மானிப்பது வேறு. சொன்னவர்கள் எழுந்து சென்ற பின்னர் தீர்மானம் யாருடைய கையில் எஞ்சுகிறது என்பதே இங்கு எழும் வினா.

கலிபோர்னியாவின் பிரீமொண்ட் நகரிலிருந்த ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, ஓயாத பிணக்கு, தரக்குறைவு ஆகியவற்றுக்கு அது பேர்போனது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் கூட்டாக அதனை 'நம்மி' என்ற பெயரில் மீளத் திறந்தன. வேலைக்குச் சேர்க்கப்பட்டோரில் பெரும்பாலானோர் பழைய தொழிலாளர்களே. ஆயினும் சிறிது காலத்திலேயே தரமான கார்கள் அங்கிருந்து வெளிவந்தன.

மாறியவற்றுள் முக்கியமானது ஒரு கயிறு. முன்பு, ஓடும் உற்பத்தி வரிசையை நிறுத்துவது தொழிலாளிக்கு ஆகாத காரியம். புதிய ஏற்பாட்டில், பிழையைக் கண்ட எவரும் அருகில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உதவிக்கு வருவார். உரிய நேரத்தில் குறை தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம்தான். அந்த நட்டத்துக்காக இழுத்தவரைத் தண்டிப்பதில்லை என்பதே ஏற்பாட்டின் அடிப்படை.

அதிகாரப் பகிர்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. இழுத்தவர் ஏச்சு வாங்க நேருமானால், கயிறு தொங்கும், கை நீளாது. தீர்மானத்தோடு பழியையும் சேர்த்து ஊழியரின் தலையில் வைப்பவர் தலைமையைப் பகிரவில்லை, தமது சுமையை இறக்கிக்கொள்கிறார்.

இத்துடன் கதை முடிவதில்லை. 2009இல் ஜெனரல் மோட்டர்ஸ் விலகியது; 2010 ஏப்ரலில் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏறக்குறைய 4,700 பேர் வேலையிழந்தனர். வரிசையைச் சில நிமிடங்கள் நிறுத்தும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அது நிரந்தரமாக நிறுத்தப்பட்டபோது அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. தமது துறையில் அவர்கள் நம்பப்பட்டார்கள். தமது வாழ்வைப் பற்றிய தீர்மானத்தில் அந்த நம்பிக்கை அவர்களுக்கு உதவவில்லை.

ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்தில் 1956இல் தொடங்கிய மொண்ட்ரகன் கூட்டுறவுகளில் உழைக்கும் உறுப்பினர்களே உரிமையாளர்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. அங்கும் 2013இல் பாகோர் வீட்டு உபகரண நிறுவனம் வீழ்ந்தது. உறுப்பினர்கள் பலர் சேமிப்பை இழந்தனர். ஆனால் அவர்களுள் கணிசமானோரை ஏனைய கூட்டுறவுகள் வேலைக்கு ஏற்றன. வாக்குரிமை வீழ்ச்சியைத் தடுக்கவில்லை என்பது உண்மை. எனினும் வீழ்ந்தவர்களைத் தாங்கும் கடமை அங்கு எல்லோருக்கும் பொதுவாயிருந்தது.

ஒரு கடையிலோ பாடசாலையிலோ காரியாலயத்திலோ 'உங்களுக்கும் அதிகாரம் உண்டு' எனப்படும்போது இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும். தீர்மானம் பிழைத்தால் பழி யாருக்கு? பெரிய தீர்மானங்கள் வரும்போது வாக்கு யாருக்கு? முதலாவதற்கு நேர்மையான விடை தரும் நிறுவனங்கள் சில உண்டு. இரண்டாவதற்கு விடை தருபவை மிகச் சில.