காய்கறித் தோட்டமும் அனர்த்த தண்ட விரதமும்



ஆதிபகவனாம் விருஷபதேவர் மக்களுக்கு அறுதொழில் கற்பித்தபோது உழவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தருளினார். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நம்மவர் பலர் இன்றும் நிலத்தை நம்பியே வாழ்கின்றனர். எனினும் மண்ணும் நீரும் செடிகொடியும் ஓரறிவுயிர்கள் எனக் கொள்ளும் நாம், மண்வெட்டியை எடுக்கும்போது தீங்கேதும் இல்லை என்று கூறிவிட இயலாது. இல்லறத்தார் தொழிலில் நேரும் இம்சையை முற்றும் விலக்க இயலாது என்று ஆசாரியர்கள் இடங்கொடுத்தனர். அந்த இடம் தேவையளவிற்கு மட்டுமே.

தேவைக்கு மிஞ்சியதையே அனர்த்த தண்டம் என்கிறோம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதன் ஒரு வகையாகப் பிரமாத சரியை கூறப்படுகிறது. காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், பசுமையை அறுத்தல் முதலியன அதில் அடங்கும். ஆசிரியப் பயிற்சி பெற்று ஆண்டுக்கணக்கில் பாடம் சொன்னவள் நான். இப்பட்டியல் எனக்கு மனப்பாடம். ஆயினும் என் புழக்கடையில் இந்நான்கையும் தவறாமல் செய்துவந்தேன். ஆண்டுதோறும் பாத்தி முழுவதையும் கொத்திப் புரட்டுவேன். ஒரு புல் விடேன். சருகைக் கூட்டிக் கொளுத்துவேன். வாய்க்கால் வழிய நீர் பாய்ச்சுவேன். துப்புரவான தோட்டம் என்று பெருமை வேறு!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. எங்கள் கத்தரிப் பாத்தியின் மேல்மண் கரைந்து தெருவிற் கிடந்தது. அவரைப் பந்தலடியிலோ, பெருக்கச் சோம்பிச் சருகை விட்டுவைத்திருந்த இடத்தில், மண் அப்படியே இருந்தது. என் சுறுசுறுப்பு செய்யாத நன்மையைச் சோம்பல் செய்திருந்தது.

காரணம் எளிது. வெற்று மண்மேல் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைத்து, நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. நீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. சருகு மூடாக்கு அவ்வடியைத் தான் தாங்கிக்கொள்கிறது. அடிக்கடி புரட்டிய மண்ணிலோ மக்கு விரைவில் சிதைந்து, கரியமில வாயுவாக வானேறுகிறது. அளவு மிஞ்சி இட்ட யூரியாவிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் அதைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைக் கூட்டவல்லது.

இப்போது நாற்று நடும் இடத்தில் மட்டும் கைக்குழி போடுகிறேன். காய்ப்பு ஓய்ந்த செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்து, தண்டை நறுக்கி அங்கேயே பரப்புகிறேன். வேர் மண்ணுக்குள் மக்குகிறது. இடையில் அவரையும் தட்டைப்பயறும் உண்டு. அவற்றின் வேர்முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்ப்பதால் யூரியாவை நாடவில்லை.

“மூடாக்கின் கீழ்ப் புழுவும் பூச்சியும் பெருகுமே, மிதித்தால் இம்சை மிகாதா?” என்று ஒரு சகோதரி வினவினார். தட்டிக்கழிக்கத்தக்க வினா அன்று. கவனமின்மையே இம்சைக்கு வாயில் என்பது நம் கொள்கை. ஆகவே நடைபாதையை மூடாக்கின்றித் தனியே விட்டுள்ளேன். பகலில் மட்டுமே இறங்குகிறேன். குழியிடுமுன் சருகைக் கையால் விலக்கிப் பார்க்கிறேன்.

வேப்பங்கொட்டைக் கரைசல் இயற்கையானது என்பர். பூச்சிக்கு அதுவும் ஊறே. பெயரை மாற்றிக் குற்றத்தைக் கழுவ முடியாது. புழு விழுந்த கத்தரிக்காயைப் பறித்து வேலியோரம் வைத்துவிடுகிறேன். கால்பங்கு காய் அவ்வாறு போகிறது. மீதி எங்கள் வீட்டுக்குப் போதுமானதாக இருக்கிறது.