சிரிப்புக்கு யார் விலை தந்தார்?

அமெரிக்கத் திரையுலகின் இன்னிசைக் குயில் ஜூடி கார்லண்ட், இரண்டரை வயதிலேயே மேடையேறியவர். 1935-ல், 13 வயதில், எம்.ஜி.எம். படக் கம்பெனி ஒப்பந்தத்தால் பிணைத்தது. மெலிய ஒரு மாத்திரை, உறங்க மற்றொன்று! மாட்டுக்காவது பசித்தால் புல் உண்டு. 1939-ல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் உலகை மகிழ்வித்த சிறுமிக்கோ சோற்றிலும் அளவு, உறக்கத்திலும் ஆணை! 1950-ல், களைத்தவரைக் கம்பெனி கைகழுவிற்று. 1969-ல் இலண்டனில், தூக்க மாத்திரை மிகுந்து, 47 வயதில் மறைந்தார்.

குற்றவாளி யார்? முதலாளி என்போம், தாய் என்போரும் உளர். அந்தச் சிரிப்பைக் காசு கொடுத்து வாங்கியவர் யார்? அறியாமல் வாங்கினோம் எனும் வாதம் 1939-ல் செல்லும். அனைத்தும் அறிந்த பின்னும் அதே படத்தை அதே களிப்போடு காண்கிறோமே, அந்தக் களிப்புக்கு என்ன பெயர் சூட்டுவது?