பழைய காரும் பிறிதொரு சுக்கானும்

பழைய மொறிஸ் மைனர் காரொன்றின் சுக்கான் வளையம் வெயிலில் வெடித்துப் பிளந்துவிடுகிறது. 'ஸ்ரியறிங்' என யாவரும் வழங்கும் அவ்வளையத்தைக் கழற்றிவிட்டு, வேறொரு தொழிற்சாலை செய்த மரப்பிடி வளையத்தை உரிமையாளர் பூட்டுகிறார். கார் முன்போலவே ஓடுகிறது. ஆயின் பழங்கார்களைப் போற்றுவோர் பலர் அதனைக் கண்டு முகஞ்சுழிப்பர். கார் தன் தூய்மையை இழந்துவிட்டது என்பர். இச்சினம் நியாயமானதுதானா? பழையதொன்றைப் பேணுபவர் அதன் தோற்றத்துக்குக் கடமைப்பட்டவரா, அதன் உண்மைக்கா?

உறுப்புக்கள் மாறியபின்னும் பொருள் அதுவேதானா என்பது மெய்யியலில் மிகப் பழைய வினா. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டாக் எழுதினார். கழற்றிய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பலைக் கட்டினால் எது உண்மையான கப்பல் என 1655 இல் ஹொப்ஸ் வினவினார். மெய்யியலார் விட்ட இடத்தில் 1990 இல் இலண்டன் மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் ஓட்டப்போட்டியில் வென்ற பென்ற்லி கார் ஒன்றை வாங்க ஒப்புக்கொண்டோர், அது அந்தக் கார் அன்று என மறுத்தனர். 1929 ஆம் ஆண்டுக்குரியவை எனத் துணிந்து கூறத்தக்க உறுப்புக்கள் எவையும் அதில் எஞ்சவில்லை. 1930 ஆம் ஆண்டுக்குரியவற்றுள்ளும் மிதிகளின் தண்டு, கியர்ப் பெட்டியின் கூடு, சுக்கான் தண்டு என்பனவே எஞ்சின. எனினும், அறுபடாத வரலாறு உடையதாதலின் அக்காரே அது என நீதிபதி தீர்த்தார். என்ஜினும் சட்டமும் மாறிய காரே தன் பெயரை இழக்கவில்லையெனின், வளையம் ஒன்றினால் மைனர் எதனை இழந்துவிடும்?

எனவே குற்றம் உண்டெனில் அது மாற்றத்திலன்று, மறைப்பிலேயே தேடப்படல் வேண்டும். இன்னொரு உரிமையாளரை எண்ணுக. அவர் நேற்று வார்த்த போலி வளையத்தில் பழைய தொழிற்சாலையின் சின்னத்தைப் பதித்து, பழமை தோன்றத் தேய்த்து, 'ஆதியில் இருந்ததே' எனக் கூறி விற்கிறார். பாராட்டுப் பெறுபவர் பெரும்பாலும் இவரே. பிறிதொரு வளையத்தைப் பூட்டியவரோ எவரையும் ஏமாற்றவில்லை. அவர் செய்த மாற்றம் பார்த்த மாத்திரத்திலேயே தெரிகிறது. பழங்கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைதல் வேண்டும், ஆயினும் மூலத்திலிருந்து வேறுபிரித்து அறியத்தக்கதாதல் வேண்டும் என்றே விதிக்கிறது. அதில் முற்பகுதியை வற்புறுத்துவோர் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர்.

தூய்மை பற்றிய இவ்வினா ஓய்வும் பணமும் உள்ள இடத்திலேயே எழுவது என்பதும் நினைக்கத்தக்கது. 1990 களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெயில் ஓடிய பழங்கார்கள் நோயாளரை ஏற்றிச் சென்றன. எந்த உறுப்பு எந்தத் தொழிற்சாலையினது என அவற்றை எவரும் வினவினாரல்லர்.

ஆயினும் வெளிப்படையாய்ச் செய்வதனால் மட்டும் எதுவும் நியாயமாகிவிடாது. சுக்கான் தண்டின் நுனியில் வெட்டப்பட்ட பல்வரிகளின் எண்ணிக்கையும் பருமனும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடுவன. அவற்றுக்கேற்பக் கடைந்த உலோகக் குடம் ஒன்று இடையே பொருந்துதல் வேண்டும். அளவு ஒவ்வாத குடத்தை அடித்து இறுக்கியவரின் கையில், வளைவொன்றில், வளையம் மட்டும் தனியே சுழலலாம். அவ்வேளை ஆபத்துக்குள்ளாவோர் கார் விரும்பிகள் மாத்திரமல்லர், வீதியோரம் நடப்போருமாவர். தூய்மைவாதி சின்னத்தைப் பார்த்துச் சினக்கிறார். பல்வரியைக் குனிந்து பார்ப்பவர் சிலரே.

பல்வரியை ஒப்புநோக்கிப் பூட்டிய உரிமையாளர், பிளந்த பழைய வளையத்தை எறிந்துவிடாது துணியிற் சுற்றி டிக்கியில் வைத்திருப்பாராயின், கார் கைமாறும் நாளில் அதுவும் கைமாறும். அதனைச் செப்பஞ்செய்து மீளப் பூட்டுவதோ, சுற்றியபடியே விடுவதோ வாங்குபவரின் விருப்பம்.